சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைப் பரிசோதனை) சாம்பிளை வைக்கும் முறை: எந்த எண்ணை எத்தனை மணி நேரம் நம்பலாம்

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நேரம் தெரியாவிட்டால், ஏறியிருக்கும் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி பருமன்) நோயால் ஏறியதா, சாம்பிள் காத்துக் கிடந்ததால் ஏறியதா என்று பிரிக்கவே முடியாது.

குறித்த கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். 1 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 1.5 முதல் 2.2 மி.கி. இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) என்ற கணக்கில்தான் குழாய் தயாராகிறது. பாதி மட்டும் நிரப்பினால் அந்த அளவு இரட்டிப்பாகி அணுக்கள் சுருங்கும். கோட்டைத் தாண்டினால் சிறு ரத்தக் கட்டிகள் விழும். உடனே 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும்.

ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசிய ரத்தத்தை) 2 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் உட்கரு சிதையத் தொடங்கும்.

6 முதல் 8 மணி நேரத்துக்குள் அனலைசரில் (அணுக்களை எண்ணும் இயந்திரத்தில்) ஓட்டுவதானால் அறை வெப்பமே போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். அதற்கு மேல் தாமதமானால் 2–8 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஹீமோகுளோபினும் சிவப்பணு எண்ணிக்கையும் பொறுமைசாலிகள், அந்த ஒரு நாளைத் தாங்கும். மற்றவை அப்படியல்ல.

அறை வெப்பத்தில் கிடக்கும் சிவப்பணு நீரை உறிஞ்சி உப்பும். உதாரணமாக ஹீமோகுளோபின் 13.5, சிவப்பணு 4.5, எம்.சி.வி. 90 என்றால் ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 40.5, எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு) 33.3. எம்.சி.வி. 97க்கு ஏறினால், வேறெதுவும் மாறாமலே ஹெமடோகிரிட் 43.7 ஆகும், எம்.சி.எச்.சி. 30.9க்கு இறங்கும். இதைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன் எடுத்த நேரத்தைப் பாருங்கள். இ.டி.டி.ஏ.வில் பிளேட்லெட்டும் உருண்டு பருக்கும். பழைய சாம்பிளின் எம்.பி.வி.க்கு (பிளேட்லெட்டின் சராசரி பருமனுக்கு) மதிப்பே இல்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஓட்டாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மறுபடி கலந்து ஓட்டுங்கள். ஐஸ் பேக்கை நேரடியாகத் தொடவும் விடாதீர்கள். உறைந்தால் சிவப்பணு உடைந்து எண்ணிக்கை சரியும், ஹீமோகுளோபின் மட்டும் அப்படியே நிற்கும்.

குளிரில் வைத்த பின் சிவப்பணு திடீரென்று குறைந்து, எம்.சி.வி. எகிறி, எம்.சி.எச்.சி. 37ஐத் தாண்டினால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறும் முன்பே ஓட்டுங்கள்.

பிளேட்லெட் எதிர்பாராமல் குறைந்திருந்தால் முதலில் குழாயில் கட்டி இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்மியரின் ஓரத்தில் பிளேட்லெட் கொத்துகளைத் தேடுங்கள். கொத்து இருந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து, உடனே ஓட்டி, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். அந்தக் குழாயில் 9 பங்கு ரத்தத்தோடு 1 பங்கு திரவம் கலந்திருக்கிறது.