காலை நேர டப்பெட் சத்தம் அடங்கிய விதம்

பழைய கார் வாங்கியிருந்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று டப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம். இன்ஜின் சூடானால் அடங்கிவிடும். முன்பு ஊற்றிய ஆயில் 20டபிள்யூ-50 என்று பானெட்டுக்குள் தொங்கிய அட்டை சொன்னது. கையேட்டில் இருந்ததோ 5டபிள்யூ-30. முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கு. ஆயில் கெட்டியாக இருந்தால் மேலே வால்வுப் பக்கம் ஏறிச் சேரத் தாமதமாகும்.

"பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லதுங்க" என்றார் மெக்கானிக். ஆயில் குடிக்கிற இன்ஜினுக்குச் சரி, ஆனால் இதில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு இறங்கவே இல்லையே! அதனால் 5டபிள்யூ-30 ஆயிலையே, கையேடு கேட்ட ஏபிஐ தரத்தையும் (ஆயிலின் தரக் குறியீடு) டப்பாவில் பார்த்து வாங்கி, ஃபில்டரோடு சேர்த்து மாற்றினேன். இப்போது காலையில் ஓரிரு நொடி முணுமுணுப்பு, அவ்வளவுதான்.