லினக்ஸில் திரை மினுக்குகிறதா? ஆன்போர்டு கிராபிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டி.டி.பி. கடைகளிலும் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைகளிலும் தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் குறைவு. பெரும்பாலானவை பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராபிக்ஸில் ஓடுபவை. அவற்றில் உபுண்டுவோ மின்டோ டெபியனோ என்று ஏதாவது லினக்ஸ் போட்டபின் திரை மினுக்கத் தொடங்கினால், இணையத்தில் முதலில் கண்ணில் படும் கெர்னல் வரியை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பூட் ஆகும்போது தரும் அமைப்பை, எடுத்து ஒட்டிவிடுவதுதான் வழக்கம். பிரச்சினை பெரிதாவது அங்கேதான். மினுக்கல் கரண்டில் பிறக்கலாம். மானிட்டரில், கேபிளில், கெர்னல் டிரைவரில், ஜன்னல்களை ஒன்றுசேர்த்துத் திரைப்படமாக்கும் டெஸ்க்டாப் கம்பாசிட்டரில் என்று எங்கு வேண்டுமானாலும் பிறக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதை மாற்றினாலும் அது குருட்டடிதான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். புள்ளி, அடிக்கோடு, எண் எல்லாம் இருக்கிறபடியே வரவேண்டும்.

மினுக்கலின் வடிவத்தைப் பார்க்காமல் விடுவது

“ஸ்கிரீன் பிளிக்கர் ஆகுது” என்று சொன்னால் போதாது, எப்படி ஆகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. திரை முழுக்கக் கறுத்து, ஓரிரு வினாடி கழித்துத் திரும்பி வந்தால் சிக்னல் அறுந்து மறுபடி சேர்கிறது என்று பொருள். கேபிள், கன்வெர்ட்டர், ரெஃப்ரெஷ் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) மூன்றையும் சந்தேகப்படுங்கள். படம் அசையாமல் நிற்க, ஊசிமுனை அளவில் வெள்ளையோ பச்சையோ புள்ளிகள் அங்கங்கே மின்னினால் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. கேபிள்தான். படம் ஒரு கணம் பக்கவாட்டில் குதித்தால், அல்லது குறுக்கே ஒரு பட்டை வெட்டிப் போனால் டிரைவர் பக்கம் போங்கள். பிரவுசருக்குள் மட்டும் மினுக்கினால் பிரவுசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துப் பாருங்கள், கெர்னலைத் தொட வேண்டாம். வீடியோ ஓடும்போது படம் நடுவில் கோடாகப் பிளந்து மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டாமல் நின்றால் அது டியரிங். அதற்கு மருந்து வேறு, மினுக்கலோடு போட்டுக் குழப்பக் கூடாது.

மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. கேமராவின் வேகமும் மானிட்டர் பேக்லைட்டின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டைகள் வீடியோவில் ஓடும். நல்ல மானிட்டரும் அதில் கெட்டதாகத் தெரியும். அதைவிட நம்பகமான சோதனை, கம்ப்யூட்டரிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுப்பது. அந்தப் பதிவை வேறொரு கருவியில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் மினுக்கல் இருந்தால் கோளாறு கம்பாசிட்டரிலோ மென்பொருளிலோ இருக்கிறது. பதிவு சுத்தமாக இருந்து திரை மட்டும் மினுக்கினால், படம் மெமரியிலிருந்து கிளம்பிய பிறகுதான் கெடுகிறது. டிரைவர், கேபிள், மானிட்டர் இந்த மூன்றில் தேடினால் போதும்.

மானிட்டரையும் கரண்டையும் விட்டுவிட்டு லினக்ஸைக் குற்றம் சொல்வது

மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவையுங்கள். அந்த மெனு கம்ப்யூட்டரிலிருந்து வருவதல்ல, மானிட்டரே வரைவது. மெனுவும் சேர்ந்து மினுக்கினால் கோளாறு மானிட்டரிலோ அதற்குப் போகும் கரண்டிலோ இருக்கிறது. மெனு அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் படம் மட்டும் மினுக்கினால் வருகிற சிக்னலில் குறை. பிரைட்னஸை 100-க்கு ஏற்றியதும் துடிப்பு நின்றுவிட்டால், பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து ஒளியைக் குறைக்கும் மானிட்டர் அது. எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது.

அடுத்து, லினக்ஸ் ஏறும் முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். அங்கேயே மினுக்கினால் லினக்ஸுக்கு இதில் பங்கில்லை. ஆனால் அங்கே மினுக்கவில்லை என்பதற்காகக் கேபிள் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பயாஸ் பல போர்டுகளில் குறைந்த ரெசல்யூஷனில் ஓடும். அந்த அளவுக்குத் தாங்கும் கேபிள் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பும்போது திணறலாம். அதற்கு எச்.டி.எம்.ஐ. 2.0 தரம், அதாவது வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் கன்னியாகுமரி; உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து வி.ஜி.ஏ. ஊசிகளிலும் எச்.டி.எம்.ஐ. வாயிலும் மங்கலான பச்சைப் படலத்தை ஏற்றிவிடும். அப்படித் தெரிந்தால் கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டின் பிளக்கையும் உருவிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேலே இருக்கும் முலாம் போய்விடும். பிறகு இன்னும் வேகமாகக் களிம்பேறும். வி.ஜி.ஏ. என்றால் பக்கத்துத் திருகுகள் இரண்டையும் முறுக்க மறக்காதீர்கள்.

கிணற்று மோட்டாரோ மிக்ஸியோ ஓடும்போது மட்டும் மினுக்கினால், மானிட்டரை வேறு பிளக்கில், முடிந்தால் யு.பி.எஸ்.ஸில் போட்டுப் பாருங்கள். மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசி அடாப்டரில் செருகி எர்த்தை அறுத்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் காலத்தில் எர்த் இல்லாமல் ஓட்டினால் திரை மட்டுமல்ல, போர்டே போகலாம்.

கன்வெர்ட்டரைக் கணக்கில் எடுக்காதது

பழைய வி.ஜி.ஏ. மானிட்டரையும் புரொஜெக்டரையும் விடாமல் வைத்திருக்கிற இடங்களில் எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் நிச்சயம் இருக்கும். அது எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் 5 வோல்ட் ஊசியிலிருந்தே கரண்ட் எடுக்கிறது. அந்த ஊசி கட்டாயம் தரவேண்டிய அளவு 55 மில்லியாம்பியர் மட்டுமே. கன்வெர்ட்டர் அதற்கு மேல் இழுத்தால், சில போர்டுகள் தாங்கும், சில தாங்காது. சூடேறிய பிறகு படம் விட்டுவிட்டு வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். தனியாக யு.எஸ்.பி. கரண்ட் வாங்கும் வாயுள்ள கன்வெர்ட்டராக வாங்குங்கள்.

போர்டிலேயே வி.ஜி.ஏ. வாய் இருந்தாலும் இதே கதை நடக்கலாம். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை ஸ்கைலேக் முதல் இன்டெல் தன் கிராபிக்ஸிலிருந்து அனலாக் வி.ஜி.ஏ.-வை எடுத்துவிட்டது. அதற்குப் பிந்தைய போர்டுகளில் இருக்கும் வி.ஜி.ஏ. வாய்க்குப் பின்னால் டிஸ்ப்ளே போர்ட் சிக்னலை மாற்றும் ஒரு சிப் ஒளிந்திருக்கிறது. மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் நேராக அதிலேயே செருகிச் சோதியுங்கள்.

கெர்னல் பதிவைப் படிக்காமல் மருந்து போடுவது

மினுக்கியவுடன் டெர்மினலைத் திறந்து ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி’ என்று தட்டி, ‘டிஆர்எம்’, ‘ஐ915’, ‘ஏஎம்டிஜிபியு’ என்ற சொற்கள் வரும் வரிகளைப் பாருங்கள். இன்டெலில் நீங்கள் தேடவேண்டியது ‘ஃபிஃபோ அண்டர்ரன்’. திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, மெமரியிலிருந்து இடைவிடாமல் படத்தைப் படித்துக்கொண்டே இருக்கவேண்டும். 1920×1080 அளவுத் திரைக்கு 60 ஹெர்ட்ஸில், புள்ளிக்கு 4 பைட் என்றால் வினாடிக்குச் சுமார் 50 கோடி பைட். ஒரு நொடித்துளி தரவு பிந்தினாலும் இடையில் இருக்கும் சிறிய தேக்கம் வற்றி, அந்த வரிகள் குப்பையாகவோ கறுப்பாகவோ விழும். அதுதான் அண்டர்ரன்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. பூட் ஆகும்போது ஒரே ஒருமுறை வரும் அண்டர்ரன் வரியைப் பார்த்துப் பதறுவது ஒன்று. மோடு, அதாவது ரெசல்யூஷனோ ரெஃப்ரெஷ் ரேட்டோ, மாறும் கணத்தில் அப்படி வருவது பெரும்பாலும் தீங்கில்லாதது. ஒரு வரிதானே இருக்கிறது என்று அசட்டையாக விடுவது மற்றொன்று. ஒருமுறை புகார் எழுதியபின், அடுத்த மோடு மாற்றம் வரை டிரைவர் அந்தப் பைப்புக்கான (திரைக்குப் படம் அனுப்பும் பாதைக்கான) புகாரை நிறுத்திவைத்துவிடும். எனவே வரிகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள், வரி எழுந்த நேரமும் மினுக்கிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அண்டர்ரன் என்றதும் புது ரேம் வாங்க ஓடவேண்டாம். வினாடிக்கு 50 கோடி பைட் என்பது ஒற்றை டி.டி.ஆர்.4 ரேமுக்கும் எளிது. தடுமாறுவது பெரும்பாலும் மின்சேமிப்பில் உறங்கும் மெமரியும் டிஸ்ப்ளே பகுதியும் விழித்தெழ எடுக்கும் நேரத்தில்தான். ரேமை பயாஸில் எக்ஸ்.எம்.பி. போட்டு வேகமாக ஓட்டியிருந்தால் அதை அணைத்துப் பார்ப்பது மட்டும் செலவில்லாத நல்ல சோதனை.

கண்ட வரியையெல்லாம் ஒன்றாக ஒட்டுவது

இன்டெலுக்கு அதிகம் பகிரப்படும் வரி ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’. லேப்டாப் திரை தன் படத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது அணைக்கிறது. எச்.டி.எம்.ஐ.-யில் மாட்டிய டெஸ்க்டாப் மானிட்டருக்கு அந்த வசதியே கிடையாது. லேப்டாப், ஆல்-இன்-ஒன் மாதிரி உள்ளேயே திரை உள்ளவற்றுக்குத்தான் அது உதவும். டெஸ்க்டாப்பில் சோதிக்கத் தகுந்தவை ‘ஐ915.எனேபிள்_டிசி=0’, ‘ஐ915.எனேபிள்_எஃப்பிசி=0’ இரண்டும். முன்னது டிஸ்ப்ளே பகுதி ஆழ்ந்து உறங்குவதைத் தடுக்கும், பின்னது படத்தைச் சுருக்கி வைப்பதை நிறுத்தும். தனித்தனியாகப் போட்டுப் பார்க்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டுச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

ஏ.எம்.டி.யில், மெமரி நெருக்கடியில், அதாவது பிரவுசரில் நிறையத் தாவல்கள் திறந்து ரேம் நிறையும்போது மினுக்கினால் ‘ஏஎம்டிஜிபியு.எஸ்ஜி_டிஸ்ப்ளே=0’ முயலுங்கள். பயாஸில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் யு.எம்.ஏ. மெமரியை 512 எம்.பி.யோ 1 ஜி.பி.யோ ஆக்குவதும் இதோடு சேர்ந்த வைத்தியம். வரி ஒட்டும் முன் ‘எல்எஸ்பிசிஐ -கே’ தட்டி எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள். புதிய இன்டெல் பிராசசர்களில் ‘எக்ஸ்இ’ டிரைவர் ஓடினால் ‘ஐ915’ என்று தொடங்கும் வரிகள் எதுவும் வேலை செய்யாது.

‘நோமோட்செட்’ போட்டு மினுக்கல் நின்றது என்று நிம்மதியடைவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அது கிராபிக்ஸ் டிரைவரையே ஓடவிடாமல் செய்துவிடும். படம் முழுவதையும் பிராசசரே வரையும். வீடியோ திக்கும், ரெசல்யூஷன் மாறாது, இரண்டாவது மானிட்டர் வராது. ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ தட்டி (இதில் மட்டும் ‘பி’ ஆங்கிலப் பெரிய எழுத்து), ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். பூட்டே ஆகாத கம்ப்யூட்டரை ஒருமுறை எழுப்பிப் பழுதுபார்க்க மட்டும் அது பயன்படட்டும்.

பழைய குறிப்புகளைப் பார்த்து ‘20-இன்டெல்.கான்ஃப்’ என்ற கோப்பை உருவாக்குவதும் இதே வகை. திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸுக்கு என்றிருந்த தனி இன்டெல் டிரைவரை அது வலுக்கட்டாயமாக ஏற்றுகிறது. இன்றைய கருவிகளுக்கு எக்ஸ் சர்வரோடு வரும் மோட்செட்டிங் டிரைவரே பொருத்தம். முன்பு யாராவது அந்தக் கோப்பை வைத்துவிட்டுப் போயிருந்தால் பெயரை மாற்றிவிட்டு மறுபடி லாகின் செய்து பாருங்கள்.

வேலண்ட், எக்ஸ்.ஆர்க் (அந்த எக்ஸ்தான்) என்று திரையில் படம் காட்டும் முறைகள் இரண்டும் உங்கள் பதிப்பில் இருந்தால், லாகின் திரையில் உள்ள பல்சக்கரப் படத்தை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒன்றில் மினுக்கி மற்றதில் இல்லையென்றால் கேபிளைத் தேடவேண்டியதில்லை. ரெஃப்ரெஷ் ரேட்டை 75-லிருந்து 60-க்கு இறக்கிப் பார்ப்பதையும் டிஸ்ப்ளே அமைப்புகளில் செய்யுங்கள். வேலண்டில் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளையால் அது மாறாது.

சோதிக்காமலே நிரந்தரமாக எழுதுவது

எந்த வரியையும் நேரே க்ரப் (லினக்ஸைப் பூட் செய்யும் நிரல்) கோப்பில் எழுதாதீர்கள். பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிப்ட் அழுத்தி க்ரப் மெனுவை வரவைத்து, ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே அது இருக்கும். திரையே வராமல் போனாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலை. ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’ தட்டி வரி உண்மையில் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ஒரு முழு வேலைநாள் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகு ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்’ கோப்பில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ பக்கத்தில் மேற்கோள் குறிகளுக்குள்ளேயே எழுதி, ‘சூடோ அப்டேட்-க்ரப்’ தட்டுங்கள். இதைத் தட்ட மறந்துவிட்டு வரி பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

அப்டேட்டுக்குப் பிறகுதான் மினுக்கல் தொடங்கியது என்றால், க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். அதில் சரியாக இருந்தால் குறை புதிய கெர்னலில்தான். அது தெரியும்வரை ‘ஆட்டோரிமூவ்’ தட்டிப் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். மாறாக, எல்லாமே பழசு, கம்ப்யூட்டர் மட்டும் புதிது என்றால் அண்மைய உபுண்டுவையோ ஃபெடோராவையோ பென்டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். அதில் மினுக்கவில்லையென்றால் கெர்னலையும் ஃபர்ம்வேர் தொகுப்பையும் புதுப்பிப்பதே வழி.

போட்ட வரியை அப்படியே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம். மின்சேமிப்பை அணைக்கும் வரிகள் அவை. கரண்டும் சூடும் சற்றுக் கூடும், யு.பி.எஸ். தாங்கும் நேரமும் கொஞ்சம் குறையும். கெர்னலின் பெரிய பதிப்பு மாறும்போது, க்ரப் மெனுவில் அதே ‘இ’ அழுத்தி அந்த வரியை ஒரு பூட்டுக்கு மட்டும் நீக்கிப் பாருங்கள். மினுக்கல் திரும்பவில்லையென்றால் கோப்பிலிருந்தும் எடுத்துவிட்டு ‘அப்டேட்-க்ரப்’ தட்டுங்கள்.