நிறுத்தி வைத்த எலெக்ட்ரிக் காரில் சார்ஜ் இறங்குகிறதா? எந்த பேட்டரி என்று முதலில் பாருங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பிய எதிர் ஃபிளாட் அண்ணன் காலையிலேயே கதவைத் தட்டினார். "தம்பி, கார் கதவே திறக்கலப்பா. போகும்போது எழுபது பர்சென்ட் இருந்துச்சு. பத்து நாள்ல மொத்தமும் காலியா?" ரிமோட்டை அமுக்கினால் ஒரு லைட்கூட மினுங்கவில்லை. சர்வீஸ் ஆளோ போனிலேயே, "பேட்டரி பேக்கைப் பார்க்கணும் சார், வண்டியைத் தூக்கிட்டு வரணும்" என்று பயமுறுத்திவிட்டார்.

ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, உள்ளே இருந்த சின்ன 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். 9.8 வோல்ட். சார்ஜரை மாட்டிச் சிறிது நேரத்தில் கார் விழித்தது. திரையில் பெரிய பேட்டரி: 69.

முதல் தவறே இதுதான்: சின்ன பேட்டரி சாவதற்குப் பெரிய பேட்டரியைக் குற்றம் சொல்வது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள், பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் எல்லாம் ஓடுவது 12 வோல்ட்டில். அது செத்தால் கான்டாக்டர் மூடாது. மூடாவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பல கார்களில் சார்ஜரைச் செருகினாலும் சார்ஜ் ஏறாது. கணக்கைப் பாருங்கள். 45 ஆம்பியர்-அவர் கொண்ட சின்ன பேட்டரியில் மொத்தம் சுமார் 540 வாட்-அவர்தான். 40 கிலோவாட்-அவர் பேக்கில் ஒரு சதவீதமே 400 வாட்-அவர். அதாவது, பெரியதில் ஒன்றரை சதவீதம்கூட ஆகாத மின்சாரம் சின்னதை முழுசாகக் காலி செய்துவிடும்.

அண்ணன் காரில் திருடன் டேஷ்கேம். பார்க்கிங்கிலும் பதிவு செய்யட்டும் என்று, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் நேராக வயர் இழுத்திருந்தார்கள். 0.3 ஆம்பியர்தானே என்று தோன்றும். 24 மணி நேரத்துக்கு 7.2 ஆம்பியர்-அவர், ஆறே நாளில் கதை முடிந்தது. டேஷ்கேம் வேண்டுமென்றால் வோல்டேஜ் 12.2-க்கு இறங்கும்போது தானாகத் துண்டிக்கும் வயரிங் கிட்டோடு போடுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகிவிட்டு மறந்துபோன புளூடூத் டாங்கிளும் இதே ரகம்.

அடுத்தது, நானே செய்த தவறு. சார்ஜ் இறங்குகிறதா என்று ஆப்பில் மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது. பல கார்களில் ஆப் கேட்கும் ஒவ்வொரு முறையும் தூங்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் எழுந்து, பதில் சொல்லி, மறுபடி தூங்கக் கால் மணி, அரை மணி எடுக்கும். தூளியை நிமிடத்துக்கொரு முறை விலக்கிப் பார்த்தால் குழந்தை எப்படித் தூங்கும்? கீலெஸ் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைப்பதும் அப்படித்தான்.

மீட்டரோடு இறங்குபவர்கள் செய்யும் பிழை வேறு. பானட்டைத் திறந்ததுமே கார் விழித்துக்கொள்ளும். அப்போது பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஓடினால் மீட்டர் 13.5, 14 என்று காட்டும். பேட்டரி பிரமாதம் என்று நினைப்போம். கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, ஸ்க்ரூடிரைவரால் பானட் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளி, குறைந்தது அரை மணி காத்திருந்து பாருங்கள். ஈய-அமில பேட்டரியில் 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. சில புதிய கார்களில் இதுவும் லித்தியம்தான். இந்த அளவு அவற்றுக்குப் பொருந்தாது. இழுக்கும் கரண்டைப் பார்க்க, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். பானட்டை இறக்குவதற்கு முன் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள். நான் மறந்து பெயின்ட்டில் ஒரு கீறல் வாங்கினேன். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயர் பக்கம் மட்டும் கை போகவே கூடாது.

பெரிய பேட்டரியே இறங்குகிறது என்றால்? முதலில், எவ்வளவு? நிறுத்திய காரில் நாளைக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைவது இயல்பு என்று டெஸ்லாவின் கையேடே சொல்லியிருக்கிறது. அதில் காவல் காக்கும் சென்ட்ரி மோடை ஆன் செய்தால் இறக்கம் பல மடங்காகும். கேபினைக் குளிர்வாக வைக்கும் வசதியும் அப்படியே. இவற்றை அணைக்காமல் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவது வீண் அலைச்சல். இன்னொன்று: நெக்ஸான் ஈவி போன்ற எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரிக் கார்களில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது. அதனால் கம்ப்யூட்டர் தப்பாகக் கணித்துவிட்டு, பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளும்போது திரையில் திடீரென்று நாலைந்து சதவீதம் காணாமல் போகும். போனது மின்சாரம் இல்லை, கணக்கு. அவ்வப்போது நூறு வரை ஏற்றினால் சரியாகும்.

பல நாள் நிறுத்தும்போது ஐம்பது, அறுபதில் விடுங்கள். 12 வோல்ட் செத்த எலெக்ட்ரிக் காருக்கு வெளியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம்; எலெக்ட்ரிக் காரிலிருந்து பெட்ரோல் காருக்குக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு எலெக்ட்ரிக் காரின் 12 வோல்ட் அமைப்பு செய்யப்பட்டதல்ல.

அண்ணன் டேஷ்கேமைப் பிடுங்கிவிட்டார். ஊருக்குப் போனால் ஆப்பையும் திறப்பதில்லை. எனக்குத்தான் தினமும் போன் வருகிறது: "தம்பி, கீழ போறப்ப காரை ஒரு எட்டு பார்த்துட்டு வாப்பா."