உடல் எந்தெந்தக் கதிர்களை உணர்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

வானொலி அலை முதல் காமா கதிர் வரை மின்காந்த அலைகள் எத்தனையோ வகை. அவற்றில் நம் கண்ணுக்குப் புலப்படுவது ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவைதான். மற்றவற்றில் எது உடலுக்குத் தெரிகிறது என்று பார்ப்போம். டிவி ரிமோட், கைபேசி, இஸ்திரிப் பெட்டி, சமையலறை அலுமினியத் தாள் ஆகியவை போதும்.

படி 1: ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். ஒன்றும் தெரியாது. அதையே கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். வெளிர் ஊதாவாக மினுக்கும். (பின்பக்கக் கேமராவில் தெரியாமல் போகலாம், பலவற்றில் இதைத் தடுக்கும் வடிகட்டி உண்டு.) பெரும்பாலான ரிமோட்டுகளில் இது 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்கு எட்டாது, தோலுக்கு உறைக்கும் அளவு வலுவும் இல்லை.

படி 2: இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மின் இணைப்பைத் துண்டித்து, செங்குத்தாக நிறுத்துங்கள். கருப்புப் பூச்சுள்ள அடித்தகடு நல்லது. பளபளப்பான உலோகம் குறைவாகவே கதிர்வீசும். தகட்டுக்கு நேர் எதிரே, அரைச் சாண் தள்ளி, உள்ளங்கையைக் காட்டுங்கள். சூடான காற்று மேலே போய்விடும். பக்கவாட்டில் கைக்கு வருவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். இடையில் அலுமினியத் தாளை நீட்டுங்கள். சூடு சட்டென்று நிற்கும். எடுத்தால் உடனே திரும்பும்.

படி 3: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அலுமினியத் தாளைக் கன்னத்தில் படாமல், ஓரிரு விரல் இடைவெளியில் பிடியுங்கள். சில நொடிகளில் இளஞ்சூடு தெரியும். உங்கள் உடலே வீசும் அகச்சிவப்பு தாளில் பட்டுத் திரும்பி வருகிறது!

தோலில் இந்தக் கதிருக்கென்று தனி உணரி இல்லை. கதிரை உறிஞ்சித் தோல் சூடாகிறது. அந்தச் சூட்டை நரம்பு முனைகள் சொல்கின்றன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸில் விழித்துக்கொண்டு சுடுவலியை உணர்த்தும் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படி 4: புற ஊதாக் கதிரைத் தயவுசெய்து சோதிக்காதீர்கள். அது படும்போது உடல் எந்த எச்சரிக்கையும் தராது. வெயிலில் நாம் உணரும் சூடு புற ஊதாவின் அளவுகோல் அல்ல. குளிர்ந்த மலை ஊரிலும் தோல் கன்றிப்போவது அதனால்தான். வெல்டிங் பொறியை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு, பல மணி நேரம் கழித்தே மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தத் தொடங்கும். பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை உடனே அழைத்து வந்துவிடுங்கள்.

எக்ஸ் கதிரும் அப்படியே, தெரியாமல்தான் ஊடுருவும். எக்ஸ் ரே அறை ஊழியர்கள் மார்பில் குத்தியிருக்கும் சிறு அட்டை, உடல் சொல்லாத அந்தக் கணக்கைப் பதிவு செய்வதற்குத்தான்.