பிள்ளைகளின் சாக்கர் ஆட்டத்தில் கோட்டோரம் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் சனிக்கிழமைக் காலை என்றாலே பிள்ளைகளின் சாக்கர், அதாவது கால்பந்து ஆட்டம்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோரில் பலர் இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்தே கற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆர்வம் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது கோட்டோரத்துக் கூச்சலாக மாறும்போது, பிள்ளை எதைக் கற்க மைதானத்துக்கு வந்ததோ அதையே கெடுத்துவிடுகிறது.

முதன்மையான தவறு வசைபாடுவது அன்று, நல்லெண்ணத்தோடு கட்டளையிடுவதுதான். பந்து காலுக்கு வந்ததும், எதிராளி எங்கே நிற்கிறான், கூட்டாளி எந்தப் பக்கம் ஓடுகிறான், இடம் எங்கே திறக்கிறது என்று பார்த்து ஓரிரு நொடிக்குள் பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும். சிறுவர் ஆட்டத்தின் பயனே அந்த முடிவெடுக்கும் பழக்கம்தான். பயிற்சியாளர் “பாஸ் கொடு” என்றும் தந்தை “கோலுக்கு அடி” என்றும் ஒரே நேரத்தில் கத்தினால், எட்டு வயதுப் பிள்ளை யார் சொல்லுக்குக் கீழ்ப்படியும்? மற்றவர்களுக்குப் புரியாது என்ற எண்ணத்தில் தமிழில் கத்துவதாலும் குழப்பம் குறைவதில்லை. பயிற்சியாளர் எதிர்த்துப் பேச முடியாத இன்னொரு கட்டளையாகவே அது பிள்ளையின் காதில் விழுகிறது. பயிற்சியாளர்களும் இதில் விதிவிலக்கல்லர். ஒவ்வொரு தொடுதலுக்கும் குரல் கொடுப்பவரிடம் பழகும் பிள்ளைகள், பந்து கிடைத்தவுடன் மைதானத்தைப் பார்க்காமல் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். சொல்ல வேண்டியதைப் பயிற்சியின்போதும் இடைவேளையிலும், மாற்று ஆட்டக்காரராக வெளியே வந்த பிள்ளையிடமும் சொல்லலாம்.

அடுத்த தவறு, விதி தெரியாமல் கத்துவது. அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2015இல் அறிவித்த நெறிமுறைப்படி, 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளைகள் தலையால் பந்தை அடிக்கக் கூடாது. வேண்டுமென்றே அடித்தால் எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரடியாகக் கோலாக்க முடியாத தனி உதை கிடைக்கும். “தலையால் முட்டு” என்று கத்தும் பெற்றோர் தம் பிள்ளையைத் தவறு செய்யத் தூண்டுகிறார். ஏழு பேர் ஆடும் 9, 10 வயதுப் பிரிவுகளில் கோல் பகுதிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே பில்ட்-அவுட் லைன் என்ற கோடு உண்டு. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் எதிரணியினர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பரும் பந்தைக் கையிலிருந்து விட்டு நெடுந்தொலைவு உதைக்கக் கூடாது. பதற்றமில்லாமல் பின்களத்திலிருந்து சிறு பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பப் பழக்குவதற்கான ஏற்பாடு இது. “தூரமாக உதை” என்ற கூச்சல் அதன் நோக்கத்துக்கே எதிரானது. கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியும் த்ரோ-இன்னிலிருந்து பந்தை நேராகப் பெறுபவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் தற்காப்பைத் தாண்டி முன்னே நிற்கும் தவறு) கிடையாது என்பதையும் அறியாமல் நடுவர்மீது பாய்பவர்கள் பலர்.

அந்த நடுவரும் பெரும்பாலும் ஒரு சிறுவரோ சிறுமியோதான். 13 வயதிலேயே சிறுவர், உள்ளூர் ஆட்டங்களுக்கான தொடக்கநிலை நடுவராகப் பதிவு செய்துகொள்ளலாம். நம் பிள்ளையைவிட மூன்று, நான்கு வயதே மூத்த ஒருவரைப் பெரியவர்கள் கூடி நின்று அதட்டுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நடுவர்களைத் துன்புறுத்துவோருக்கான கடுமையான விதிகளைக் கூட்டமைப்பு 2025 மார்ச்சில் நடைமுறைப்படுத்தியது. பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம் என்பது 2019 முதல் ஆட்டச் சட்டத்திலேயே உள்ளது. பயிற்சியாளர்களும் மாற்று ஆட்டக்காரர்களும் இருக்கும் அணியின் பகுதியிலிருந்து தவறாகப் பேசியவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அட்டையை ஏற்க வேண்டும். இந்த மோதல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குக் கொடிய சான்று 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரா நகரில் நடந்தது: தன் மகன் ஆடிய ஆட்டத்தில் தன்னார்வலராகக் கோட்டு நடுவர் பணி செய்த ஒரு தந்தையை, எதிரணியைச் சேர்ந்த பதின்ம வயதினர் அடித்துக் கொன்றார்கள். அவர்களோடு ஒரு தந்தையும் தண்டிக்கப்பட்டார்.

எதிரணிப் பிள்ளை தவறி சொந்த கோலில் அடிக்கும்போது கைதட்டுவதும், கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பதும் சிறியவைபோலத் தோன்றினாலும் தவிர்க்க வேண்டியவையே. பிள்ளைக்கு ஆடும் நேரம் குறைந்ததென்ற மனக்குறை இருந்தால், முதலில் அமைப்பின் விதியைப் பாருங்கள். 1964இல் தொடங்கிய அமெரிக்க இளையோர் சாக்கர் அமைப்பு, எல்லாரும் ஆட வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டது. போட்டிக்கான கிளப்புகளில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். குறையை ஆட்டம் முடிந்த கையோடு, பிள்ளைகள் கேட்கும் இடத்தில் பேச வேண்டாம். 24 மணி நேரம் கழித்தே பயிற்சியாளரிடம் பேச வேண்டும் என்று பல கிளப்புகள் விதித்திருக்கின்றன. அதன் பின் மின்னஞ்சலில் நேரம் கேட்டு, பிள்ளை உடனில்லாத இடத்தில் பேசலாம்.