35 வயசாச்சா? பெப் டெஸ்டுக்கு ஆக்களை கூட்டிட்டு போறது எப்படி

வாட்ஸ்அப் குரூப்ல புற்றுநோய் விழிப்புணர்வு ரிப்பன் படம் போட்டு ஒருத்தரும் கிளினிக் போனதா நான் பார்க்கல, அதனால குரூப்ல போடுறத விட வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ உங்க ஃப்ளாட்ல இருக்கிற அக்காமாரோட நேர்ல கதைங்க. முதல்ல சொல்ல வேண்டியது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி வைரஸால வருது, புற்றுநோயா மாற வருஷக்கணக்கா எடுக்கும், அதுக்கு முன்னமே பெப் டெஸ்ட்ல (கருப்பைக் கழுத்துல இருந்து கொஞ்சம் கலங்கள் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) பிடிக்கலாம்.

35, 45 வயசுக்காரரை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸோட சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புங்க, காசு இல்ல. எந்த நாள்னு ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்க. பீரியட்ஸ் நேரம் போக வேணாம், அதோட ரெண்டு நாள் முன்னாடியே உடலுறவு, உள்ளுக்கு வைக்கிற மருந்து எல்லாம் நிப்பாட்டணும், இத யாரும் வாயால சொல்ல மாட்டாங்க, நீங்க சொல்லிருங்க. டெஸ்ட் ஒரு சில நிமிஷம்தான், கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான்.

மகள் இருந்தா, 2017ல இருந்து ஸ்கூல்ல ஆறாம் வகுப்பு பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசி போடுறாங்க, கையெழுத்து வைக்க தயங்குற அம்மாவ பிடிச்சு கதைங்க. ஊசி போட்டாலும் 35 வயசானதும் பெப் டெஸ்ட் வேணும்.

உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ட பிறகோ ரத்தம் பட்டா கிளினிக் நாளுக்கு காத்திருக்காம உடனே டொக்டர்ட்ட போகச் சொல்லுங்க. கூட விவரம் வேணும்னா நாரஹேன்பிட்டியில புற்றுநோய் முன்கூட்டியே கண்டறியிற நிலையம் இருக்கு, அங்க போய் கேட்கலாம்.