வீட்டில் காற்றுத் தூசி அளப்பவர்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் முதல் தூசி சென்சரைப் பொருத்திய கிழமையே, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நுண்தூசியான பிஎம் 2.5இன் அளவு ஒரு கன மீட்டருக்கு 180 மைக்ரோகிராமைத் தாண்டியது. காலி வீதி வாகனப் புகைதான் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியும்விட்டேன். பிறகுதான் பார்த்தேன், பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலோரம் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். சென்சர் பொய் சொல்லவில்லை. காரணத்தை நான்தான் அவசரப்பட்டு முடிவுகட்டியிருந்தேன்.

ஆகவே முதலில் இடம். குசினி ஜன்னல், நுளம்புத்திரி, சாமி அறை, இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் வீட்டைத்தான் அளப்பீர்கள், தெருவை அல்ல. மழைக்குப் பாதுகாப்பாக இரண்டு பிவிசி எல்போக்களை (வளைந்த குழாய்த் துண்டுகளை) இணைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி அதற்குள் பூட்டுங்கள். வாயில் வலை கட்டாவிட்டால் எறும்பு குடிவந்துவிடும்.

கொழும்பில் எல்லோரும் சறுக்கும் இடம் ஈரப்பதம். பலரும் வாங்கும் எஸ்டிஎஸ்011 போன்ற சென்சர், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துத் தூசியைக் கணக்கிடுகிறது. அதன் தயாரிப்பாளரே 70% ஈரப்பதம் வரைதான் என்று எல்லை போட்டிருக்கிறார். நம் ஊரில் விடியற்காலை அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டும். கடலுப்புத் துகள் 75% அளவில் நீரை உறிஞ்சித் துளியாகவே மாறிவிடும். ஊதிப்போன துளியைச் சென்சர் தூசி என்று எண்ணும். பக்கத்திலேயே ஒரு ஈரப்பதச் சென்சரையும் வையுங்கள். வரைபடத்தில் தூசி, ஈரப்பதம் இரண்டின் கோடுகளும் சேர்ந்தே ஏறினால் அந்த ஏற்றத்தை நம்பாதீர்கள்.

ஒரு நிமிட எண்ணைப் பார்த்துப் பதறுவதும் பிழை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கு வழிகாட்டல் அளவாகச் சொன்ன 15 மைக்ரோகிராம், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 24 மணித்தியாலச் சராசரி. சராசரியைச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து அளக்கிறீர்களா? ஒருவர் தெஹிவளையிலும் மற்றவர் கொட்டாஞ்சேனையிலும் பூட்டமுன், இரண்டு சென்சரையும் ஒரே பல்கனியில் ஒரு கிழமை அருகருகே ஓடவிடுங்கள். அங்கேயே ஒன்று எப்போதும் பத்து கூடக் காட்டினால், அது தெஹிவளைக் காற்றின் குற்றமல்ல. இதைத் தவறவிட்ட எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்கமாட்டேன்.

நேரத்தையும் கவனியுங்கள். சென்சர் தரவை வாங்கும் பல இணையத்தளங்கள் அதை உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். காலை 7.30க்குப் பாடசாலை வான்கள் நெரியும் புகை, அட்டவணையில் அதிகாலை 2 மணியில் கிடக்கும். அதை வைத்து இரவு லொறிகளைத் திட்டக்கூடாது.

சென்சரின் லேசருக்கு ஆயுள் ஏறக்குறைய 8000 மணித்தியாலம். ஓயாமல் ஓடவிட்டால் ஒரு வருடமும் தாங்காது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழிக்கவையுங்கள். 230 வோல்ட் வயரை மழை படும் பெட்டிக்குள் கொண்டுபோகவே வேண்டாம்; அடப்டர் வீட்டுக்குள் இருக்க, 5 வோல்ட் மட்டும் வெளியே போகட்டும்.

கடைசியாக, பிடிக்காத எண்களை அழித்துவிட்டுத் தரவைப் பகிர்வது. நீங்கள் குப்பை என்று நினைப்பதில்தான் இன்னொருவர் காரணத்தைக் கண்டுபிடிப்பார். மூலத் தரவை அப்படியே போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். என் கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: “6.20 – 6.50, சாம்பிராணி, காற்று மேற்கிலிருந்து.”